கவுன்சில் வீடும் கல்யாண விசாவும்

பிரிட்டனில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்ற ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும்போது, தம்பதி தங்கப்போகும் வீட்டுக்கும் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். வீடு போதுமானதாக இருக்க வேண்டும். குடும்பத்துக்குச் சொந்தமானதாகவோ அவர்கள் மட்டுமே புழங்குவதாகவோ இருக்க வேண்டும். ‘பொது நிதியை’ நாடாமல் கிடைத்ததாக இருக்க வேண்டும். கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விட்ட வீட்டில், குடியிருக்கும் குடும்பங்களைக் கலங்கடித்தது இந்தக் கடைசி நிபந்தனைதான். கவுன்சில் வீட்டின் வாடகை வெளிச்சந்தை வாடகையைவிடக் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்டியது அரசுப் பணம். அப்படியானால் அந்த வீட்டுக்கு மனைவியை அழைத்துவருவது பொது நிதியில் கைவைப்பதாகாதா? ஆகாது என்பதே சட்டத்தின் பதில். அந்தப் பதில் ஒரே நாளில் உருவானதல்ல.

வீட்டைக் காட்டினால்தான் குடியேறலாம் என்ற எண்ணம் விசாவைவிட மிகப் பழையது. இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1662ல், இங்கிலாந்து ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. அது வெளிநாட்டாருக்கானது அல்ல. ஒரு திருச்சபை வட்டாரத்திலிருந்து அடுத்த வட்டாரத்துக்குப் போகும் சொந்த நாட்டு ஏழைகளுக்கானது. ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் செலவை அந்தந்த வட்டாரமே ஏற்ற காலம் அது. ஆண்டுக்கு 10 பவுன் வாடகை மதிப்புக்குக் குறைவான வீட்டில் வந்து குடியேறுபவரை, 40 நாளுக்குள் புகார் எழுந்தால், பழைய வட்டாரத்துக்கே திருப்பி அனுப்பலாம். மணமான பெண்ணுக்குக் கணவனின் வட்டாரமே அவள் வட்டாரம். குடிவரவு விதிகளில் இன்றும் இருக்கும் ‘செட்டில்மென்ட்’ என்ற சொல் அந்தச் சட்டத்திலும் இருந்தது. வந்தவர் நம் செலவில் சாப்பிடுவாரோ என்ற அச்சமும் அன்றிலிருந்து தொடர்வதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி காமன்வெல்த் நாட்டவர் பக்கம் திரும்பியது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்கு வருபவர்களுக்குத்தான் கட்டுப்பாடு போட்டது. ஏற்கெனவே குடியேறியவரின் மனைவியும் சிறு பிள்ளைகளும் உரிமையோடு வந்து சேரலாம். வீட்டில் எத்தனை அறை என்று யாரும் கேட்கவில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்து மக்களின் லண்டன் வரலாறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சிங்கப்பூரில் செம்பவாங் பகுதியில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தென் கேரளத்தார் பலர் வேலை பார்த்தார்கள். அந்தப் படைத்தளங்களைக் கைவிடப் போவதாக பிரிட்டன் 1968ல் அறிவித்தது. 1971ல் பெரும் பகுதி காலியானது. வேலையிழந்தவர்களில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த பலர் லண்டனின் ஈஸ்ட் ஹாமுக்கு நகர்ந்தார்கள். அங்கே ஒட்டு வீடுகள் வரிசை வரிசையாக நின்றன, விலையும் மலிவு. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இன்று புட்டும் தோசையும் கிடைப்பதற்கு அந்த வரிசை வீடுகளே காரணம். பின்னால் இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டுக்காரரும் அதே தெருக்களில் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தவர்களுக்குக் கவுன்சில் வீடு எட்டாக்கனி. காத்திருப்போர் பட்டியலில் ஏறவே பல ஆண்டு உள்ளூர் வசிப்பைப் பல கவுன்சில்கள் கேட்டன. கிடைத்தபோதும் நல்ல வீடு கிடைக்கவில்லை. ஹாக்னி கவுன்சிலின் ஒதுக்கீடுகளை ஆராய்ந்த இன சமத்துவ ஆணையம், கறுப்பின மக்களுக்குத் தரம் குறைந்த வீடுகளே தள்ளிவிடப்பட்டன என்று 1984ல் வெளியிட்ட அறிக்கையில் காட்டியது. ஆகவே வாடகை அறையும் பங்கு வீடும்தான் பலருக்கு வாய்த்தன. குடும்பம் வந்து இறங்கும்போது அந்த அறை போதாது. போதாதபோது கவுன்சில் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அப்படி நின்ற ஒருவரின் வழக்கு, அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போயிற்று. சட்ட அறிக்கைகளில் ‘இஸ்லாம் வழக்கு’ எனப்படும் அது, ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஹில்லிங்டன் கவுன்சிலுக்கு எதிரானது. வழக்காடியவர் 1965ல் வந்தவர். இன்னொருவரோடு ஓர் அறையைப் பங்கிட்டு வாழ்ந்தார். பங்களாதேஷில் இருந்த மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் அனுமதி கிடைத்தது; அவர்கள் 1980ல் வந்தார்கள். ஆறு பேருக்கு இடமில்லை. 1977ஆம் ஆண்டின் வீடற்றோர் சட்டப்படி உதவி கேட்டார். இடமில்லாத இடத்துக்குக் குடும்பத்தை வரவழைத்ததால் நீயே வேண்டுமென்று வீடற்றவன் ஆனாய் என்றது கவுன்சில். குடும்பம் முழுவதும் தங்கும் வீடு அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை, இல்லாததை அவர் எப்படி இழந்திருக்க முடியும் என்று 1981ல் பிரபுக்கள் சபை கவுன்சிலின் முடிவைத் தள்ளியது. நியாயமான தீர்ப்பு. ஆனால் குடும்பம் வந்தால் வீட்டுச் செலவு அரசின் தலையில் விழும் என்று சொல்லிவந்தவர்களின் வாய்க்கும் அது அவலாயிற்று.

இதற்கிடையில் சட்டத்தில் ஒரு வேலி இருந்தது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அன்றைய தேதியில் குடியேறியிருந்த காமன்வெல்த் நாட்டவருக்கும் அவர்கள் மனைவி, பிள்ளைகளுக்கும் முன்பிருந்த உரிமை குறையாது என்று முதல் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு உறுதி தந்தது. ஆகவே ஈஸ்ட் ஹாமில் 1973க்கு முன் காலூன்றியவர் ஊரில் பெண் கட்டிக்கொண்டு வந்தால் வீட்டைப் பற்றிய கேள்வி எழாது.

விதி இரண்டு தடவையில் இறுகியது. முதல் தடவைக்குக் காரணம், வேடிக்கையாக, பெண்களுக்குச் சாதகமான ஒரு தீர்ப்பு. ஆண்கள் மனைவியை எளிதாக அழைக்கலாம், பெண்கள் கணவனை அழைக்கப் பெரும்பாடு படவேண்டும் என்றிருந்த விதிகள் பாலினப் பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985 மே 28 அன்று, அப்துல்அஜிஸ் முதலிய மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில் சொன்னது. பாகுபாட்டை நீக்க இரண்டு வழி உண்டு: கணவர்களுக்கு விதியைத் தளர்த்தலாம், மனைவிகளுக்கு இறுக்கலாம். அரசு இரண்டாவதைத் தேர்ந்தது. அதே ஆண்டு வந்த விதிகள், பராமரிப்பும் வீடும் பொது நிதியை நாடாமல் இருக்க வேண்டும் என்பதை இருபாலாருக்கும் பொதுவாக்கின. பொது நிதி எது என்பதற்கு ஒரு பட்டியலும் தந்தன. அந்தப் பட்டியலில் இருந்த வீடு, வீடற்றோர் சட்டத்தின் கீழ் கவுன்சில் கொடுக்கும் வீடு மட்டுமே. வாடகைக்கு உதவும் ஹவுசிங் பெனிஃபிட்டும் இருந்தது. சாதாரணமாக ஒதுக்கப்பட்ட கவுன்சில் வீடு இல்லை. இரண்டாம் தடவை 1988ல்: புதிய குடிவரவுச் சட்டத்தின் முதல் பிரிவே அந்தப் பழைய உட்பிரிவை நீக்கியது. அதற்குப் பிறகு 1973க்கு முன் வந்தவரும் நேற்று வந்தவரும் ஒரே வரிசைதான்.

பின்வந்த திருத்தங்களில் பட்டியல் நீண்டது. கவுன்சில் வீட்டு ஒதுக்கீடும், வீடற்றோருக்கான உதவியும், 1996ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் ஆறாம் ஏழாம் பகுதிகளின் பெயராலேயே உள்ளே வந்தன. எழுத்துப்படி பார்த்தால் கவுன்சில் வீடே பொது நிதி. ஆனால் பட்டியலோடு சேர்த்து இன்னொரு கோட்பாடும் வளர்ந்து, குடிவரவு விதிகளில் ‘6ஏ’ என்ற பத்தியாக எழுதப்பட்டது. அழைப்பவர், அதாவது ஸ்பான்சர், தம் பெயரில் ஏற்கெனவே பெற்றுவரும் உதவியின் நிழலில் வருபவர் தங்குவது குற்றமல்ல. அவர் வந்ததன் காரணமாகக் கூடுதல் உதவி கேட்க நேர்ந்தால்தான் அது பொது நிதியை நாடுவது. அரசு பார்த்தது பழைய செலவை அல்ல, கூடும் செலவை. கவுன்சில் கொடுத்த இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் தனியாக இருப்பவர் மனைவியை அழைத்தால் ஃப்ளாட் பெரிதாவதில்லை, வாடகையும் ஏறுவதில்லை, தடையில்லை. ஓர் அறையில் இருப்பவர், இவள் வந்ததும் பெரிய வீட்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன் என்றால் அங்கேயே விண்ணப்பம் சரிகிறது.

கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்து ஊர்களிலிருந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கல் போன்ற ஊர்களில் சர்க்கார் வீடு என்றால் மனத்தில் வருவது லட்சம் வீடு. 1972ல் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் முன்னெடுத்த திட்டத்தில், நடுச்சுவரைப் பங்கிட்ட இரட்டை வீடுகளாக, நிலமற்றவர்களுக்குக் கட்டிக்கொடுத்தவை அவை. இப்போது கேரள அரசின் லைஃப் மிஷன் திட்ட வீடுகள். இரண்டும், வீடில்லாதவருக்கு அரசு கொடுத்தவை. ‘லட்சம் வீட்டுக்காரர்’ என்பது ஒருவகை அடையாளமாகவே ஒட்டிக்கொண்டது. கவுன்சில் வீடு அந்த இனமல்ல. அதில் இருப்பவர் வாரா வாரம் வாடகை கட்டும் குடித்தனக்காரர்; 1980ஆம் ஆண்டு வீட்டுச் சட்டம் அவரைச் சட்டப் பாதுகாப்புள்ள குடித்தனக்காரர் ஆக்கியது, வீட்டை விலைக்கு வாங்கும் உரிமையையும் கொடுத்தது. வரன் பார்க்கும்போது ‘பையன் இருக்கிறது சர்க்கார் வீடாமே’ என்று எழும் முணுமுணுப்பு லட்சம் வீட்டை முழக்கோலாக வைத்து அளப்பதால் வருவது. விசா அதிகாரியின் முழக்கோல் வேறு.

அந்த முழக்கோல் 1935ல் செய்தது. சேரிகளில் ஓர் அறையில் எட்டுப் பேர் கிடந்த காலத்தில் நெரிசலைத் தடுக்க வந்த சட்டத்தின் அளவுகள், 1985ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் பத்தாம் பகுதிக்குள் ஏறக்குறைய அப்படியே போயின. ஒரு அறைக்கு 2 பேர், இரண்டு அறைக்கு 3, மூன்றுக்கு 5, நான்குக்கு ஏழரை, ஐந்துக்கு 10. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கில் இல்லை. ஒன்றிலிருந்து பத்துவரை அரை ஆள். கூடமும் அறையாகவே எண்ணப்படும். கிச்சனும் பாத்ரூமும் ஆகா. இதோடு தரையளவுப் பட்டியல் ஒன்றும் உண்டு: 110 சதுர அடியோ கூடுதலோ இருந்தால் 2 பேர், 90க்கு மேல் ஒன்றரை, 70க்கு மேல் ஒருவர், 50க்கு மேல் அரை ஆள். 50 சதுர அடிக்குக் குறைந்தது அறையே அல்ல. இரண்டு கணக்கில் எது குறைவோ அதுவே செல்லும். தம்பதி அல்லாத, பத்து வயது கடந்த ஆணும் பெண்ணும் ஒரே அறையில் உறங்க நேரக்கூடாது என்பது தனி விதி.

ஈஸ்ட் ஹாமில் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் உள்ள கவுன்சில் வீடு என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி ஓடும். மூன்று அறை, ஆகவே 5 பேர். அப்பா, அம்மா, ஸ்பான்சரான மகன், பதினைந்து வயதுத் தங்கை, நான்கு ஆயிற்று. செங்கலிலிருந்து மருமகள் வந்தால் ஐந்து. பெற்றோருக்கு ஓர் அறை, இளந்தம்பதிக்கு ஓர் அறை, தங்கைக்குக் கூடம். விதிப்படி நெரிசல் இல்லை. அதே வீட்டில் பன்னிரண்டு வயதுத் தம்பியும் இருந்தால் ஆறு, விண்ணப்பம் போச்சு. தங்கைக்குப் பதிலாக அக்காவின் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் நாலரை, இடம் மிச்சம். இரண்டாவது படுக்கையறை, லண்டனில் ‘பாக்ஸ் ரூம்’ என்று சொல்லும், கட்டில் போட்டால் கதவு திறக்காத 48 சதுர அடி அறையாக இருந்தால் மொத்தக் கணக்கும் கவிழும். அப்போது வீட்டில் இரண்டே அறை, 3 பேர். தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சேரிக் கணக்கு என்பதால் இந்த அளவு தாராளமானது. கூடத்தில் இருவர் படுப்பதை இன்றைய எந்தக் கவுன்சிலும் நல்ல குடியிருப்பு என்று சொல்லாது. விசாவுக்கு அது போதும்.

பெற்றோரின் கவுன்சில் வீட்டில் மகன் மனைவியோடு தங்குவதும் ஏற்கப்பட்டது. ‘தனியுரிமை’ என்பதற்கு முழு வீடு தேவையில்லை. தம்பதிக்கென்று ஒரு படுக்கையறை ஒதுங்கினால் சமையலறையைப் பங்கிடலாம். கூட்டுக் குடும்பத்துக்குச் சாதகமாக பிரிட்டிஷ் விதியில் கிடைக்கும் அரிய இடம் இது. வேண்டியது வாடகை ஒப்பந்தமும், இன்னொருவர் வந்து தங்க ஆட்சேபமில்லை என்று கவுன்சிலோ ஹவுசிங் அசோசியேஷனோ தரும் கடிதமும். கூடவே ஒரு ‘இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்’. டேப்போடு ஒருவர் வந்து அறைகளை அளந்து, யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டு, மணப்பெண் வந்தாலும் நெரிசல் இல்லை என்று எழுதித் தருவார். விதியில் அது கட்டாயமல்ல. லண்டன் தமிழ், மலையாளக் குடும்பங்களில் கல்யாணச் செலவுப் பட்டியலில் அது ஓர் உருப்படியாகவே ஆகிவிட்டது.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்த நிபந்தனை வேறு விதமாகக் கடித்தது. 1983க்குப் பின் தஞ்சம் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முழு அகதி நிலை கொடுக்கப்படவில்லை; விதிவிலக்கு அனுமதி என்ற அரைகுறை அந்தஸ்துதான் கிடைத்தது. அகதி என்று ஏற்கப்பட்டவர், நாட்டைவிட்டு வரும் முன்பே மணந்த மனைவியை வீடு, வருமானம் காட்டாமலே அழைக்க முடிந்தது. விதிவிலக்கு அனுமதிக்காரர் நான்கு ஆண்டு காத்திருந்து, அதற்குப் பிறகும் வீட்டையும் பராமரிப்பையும் காட்ட வேண்டியிருந்தது. அவர் இருந்ததோ, பல நேரம், வீடற்றோருக்கென்று கவுன்சில் ஏற்பாடு செய்த தற்காலிக அறை. பொது நிதிப் பட்டியலின் முதல் உருப்படியே அதுதான். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ மனைவி காத்திருக்க, இவர் இரவுப் பணி எடுத்துத் தனியார் வாடகை அறைக்கு மாறினார். கவுன்சில் அறையைவிட அது சிறியதாகவும் ஈரமானதாகவும் இருந்தால்கூட, விசாக் காகிதத்தில் அதற்குத்தான் மதிப்பு.

பராமரிப்புக் கணக்கில் மலிவு வாடகை நேரடியாகவே கைகொடுத்தது. 2006ல் குடிவரவுத் தீர்ப்பாயம் ஒரு சூத்திரத்தை உறுதிசெய்தது: நிகர வருமானத்தில் வீட்டுச் செலவைக் கழித்தபின் மிஞ்சுவது, அதே அளவுக் குடும்பத்துக்கு அரசு தரும் இன்கம் சப்போர்ட் தொகைக்குக் குறையக்கூடாது. 2015 முதல் 2020 வரை தம்பதிக்கு அந்தத் தொகை வாரம் 114.85 பவுன். வாரம் 230 பவுன் கைக்கு வரும் ஒருவர், வாடகையும் கவுன்சில் வரியுமாக 110 பவுன் கட்டினால் மிச்சம் 120, தேறினார். தனியார் வீட்டில் 200 பவுன் கட்டினால் மிச்சம் 30. அதே சம்பளம், அதே மனைவி, விண்ணப்பம் தள்ளுபடி. சலுகை வீடு விசாவைக் கெடுக்கும் என்று அஞ்சி, கவுன்சில் வீட்டை விட்டுவிட்டு வெளியே போனவர்கள் தம் கையாலேயே தம் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டார்கள்.

2012 ஜூலை 9 அன்று குடும்ப விசாக்களுக்கான ‘அப்பென்டிக்ஸ் எஃப்எம்’ என்ற விதிப் பகுதி வந்ததும் இந்தச் சூத்திரம் பலருக்குப் பயனற்றுப்போனது. ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் 18,600 பவுனாவது இருக்க வேண்டும் என்று ஒரே கோடு கிழிக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000. வாடகை எவ்வளவு என்று அந்தக் கோடு கேட்பதில்லை. ஊனமுற்றோர் உதவி, பராமரிப்பாளர் உதவி போன்றவற்றைப் பெறுபவர்களுக்கு மட்டும் பழைய கழித்தல் கணக்கு இன்றும் நிற்கிறது. மலிவு வாடகையின் பலனும் அவர்களோடு நிற்கிறது. வீட்டைப் பற்றிய வாசகம் 1994ஆம் ஆண்டு விதித் தொகுப்பில் இருந்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை. 2013ல் வந்த, ‘பெட்ரூம் டாக்ஸ்’ என்று ஏசப்பட்ட வாடகை உதவிக் குறைப்பும் இந்த விஷயத்தில் குறுக்கே வரவில்லை. தம்பதிக்கு ஒரு படுக்கையறை, தனி ஆளுக்கும் ஒரு படுக்கையறை என்பதே அதன் கணக்கு. மனைவி வந்தாலும் அறைத் தேவை கூடுவதில்லை.

அமெரிக்கா இதே கேள்வியை வேறு வழியில் கேட்டது. அங்கே பார்ப்பது, வருபவரே பொதுச் சுமை ஆவாரா என்பது. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி அரசு வீட்டையும் வாடகைச் சீட்டு உதவியையும் பாதகக் கணக்கில் சேர்த்தது. ஓராண்டில் அது கைவிடப்பட்டது. 2022 டிசம்பரில் வந்த விதியில் வீட்டு உதவி இல்லை.

பிரிட்டனுக்கே திரும்பினால், செங்கலிலிருந்து போகும் விண்ணப்பத்துக்கு வீட்டுக் காகிதங்கள் லண்டனிலிருந்து வரும். கல்யாணக் காகிதம் ஊரிலிருந்து போக வேண்டும். அது எல்லைக்கோட்டைப் பொறுத்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் கோட்டுக்கு இருபக்கமும் தொடர்ந்தன. செங்கல் ஊராட்சிக்குள் தாலி கட்டினால் கேரளத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி ஊராட்சியிலேயே பதிவு. களியக்காவிளைப் பக்கம் தமிழ்நாட்டு மண்டபத்தில் கட்டினால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகம். சான்றிதழ் மலையாளத்திலோ தமிழிலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

விசா கிடைத்தபின் அந்த வீட்டில் வந்தவரின் நிலை என்ன என்பதற்கும் தனி விதி உண்டு. 2003 வரை ஓராண்டு, பிறகு இரண்டு, 2012 முதல் ஐந்தாண்டு என்று நீண்டுவிட்ட தகுதிக்காலம் முழுவதும் அவர் விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்ற வரி இருக்கும். இடையில் நீட்டிப்பு கேட்கும்போது வீட்டுச் சான்று மறுபடியும் கொடுக்க வேண்டும். புதிதாக ஒதுக்கும் கவுன்சில் வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க, 1996ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலை அனுமதிப்பதில்லை. ஸ்பான்சரின் ஒற்றைப் பெயரில்தான் கொடுக்கும். ஆனால் சட்டப் பாதுகாப்புள்ள குடித்தனக்காரர் இறந்தால், கூடவே குடியிருந்த துணைக்கு அந்தக் குடித்தனம் வாரிசாக வரும். நிரந்தர வசிப்புரிமை கிடைத்தபின்தான் புதிய ஒதுக்கீட்டில் இருவர் பெயரும் ஒன்றாக ஏறும்.